தேரை செய்யாத குற்றமும் செய்கிற குற்றமும்

காய் உரிக்கும்போது ஒரு தேங்காய் பருப்பில்லாமல் வெறும் ஓடாக இருந்தால், "இது தேரை மோந்த காய்" என்று தூக்கிப் போடுகிறோம். பிள்ளை தேறாமல் வயிறு பெருத்து, கைகால் சூம்பிப் போனால், "தேரை விழுந்த பிள்ளை" என்கிறோம். கையில் மரு வந்தால், "சொறித்தவளையைத் தொட்டிருப்பே" என்கிறோம். தென்னையும் செம்பனையும் சூழ்ந்த நம் பாகான் டத்தோ பக்கத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது.

தோழர்களே, இந்த மூன்று குற்றத்திலும் தேரை நிரபராதி. பூ சரியாகக் காய்ப்பிடிக்காமல் போவதாலும், மரத்துக்குச் சத்துக் குறைவதாலும் காய் வெறுங்காயாகிறது. பிள்ளை சூம்புவது ஊட்டக்குறைவால்; அதற்குத் தாயத்து வேண்டாம், கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். மரு வருவது ஒருவகை வைரஸ் கிருமியால். தேரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் நாம் சாட்டாத ஒரு குற்றம் தேரையின் மேல் உண்டு. அதன் உடம்பில் இருப்பது விஷம்.

ஒரு மழை இரவில், லயத்திலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "டிரஸர் ஐயா, நாய் நுரை தள்ளுதுங்க, பாம்பு கடிச்சிருக்கும் போல!" என்றார் அந்த அம்மா. போய்ப் பார்த்தேன். கடிவாய் எதுவும் இல்லை. ஈறு செக்கச்செவேல் என்று சிவந்து, எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பல் பட்ட ஒரு தேரை கிடந்தது. விஷம் முறியட்டும் என்று நாயின் வாயைப் பிளந்து தேங்காய்ப் பால் ஊற்றியிருந்தார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய், நாய் இருமி இருமித் திணறியது. நான் மனிதனுக்கு மருந்து கட்டுகிறவன். மாட்டு டாக்டரைத் தேடிப் புறப்படுவதற்குள் நாய் அடங்கிவிட்டது. அந்தப் பையன் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

விஷம் எங்கே இருக்கிறது?

தேரையின் கண்ணுக்குப் பின்னால், தோள் பக்கம் இரண்டு புடைப்புகள் இருக்கும். அவைதான் விஷப் பைகள். நாய் கவ்வி அழுத்தினால் அவற்றிலிருந்து பால் போன்ற திரவம் கசியும். இருதய நோயாளிகளுக்கு அளந்து கொடுக்கிற டைகாக்சின் மாத்திரை இருக்கிறதே, ஏறக்குறைய அதைப் போலத்தான் இந்த விஷமும் வேலை செய்கிறது. இருதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். மாத்திரைக்கு அளவு உண்டு. தேரைக்கு அளவு கிடையாது.

தவளையையும் தேரையையும் பிரித்தறிவது சுலபம். தவளைக்கு ஈரமான வழுவழுப்புத் தோல், நீண்ட பின்னங்கால். தேரைக்கு உலர்ந்த சொறித்தோல், குட்டைக் கால். கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை தீட்டியதுபோல ஒரு விளிம்பு. மலாய்க்காரர்கள் இதைக் 'காத்தாக் பூரு' என்பார்கள்.

நாயோ பூனையோ தேரையைக் கவ்விவிட்டால்:

1. உடனே ஈரத் துணியால் ஈறு, நாக்கு, உள்கன்னம் எல்லாவற்றையும் துடைத்து எடுங்கள். துணியை அலசி அலசித் திரும்பத் திரும்பத் துடையுங்கள்.

2. தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, வாயின் ஓரமாகத் தண்ணீர் விட்டு, வெளிப்பக்கமாக வழிய விடுங்கள். தொண்டைக்குள் தண்ணீர் போகக் கூடாது. பத்து நிமிடமாவது கழுவ வேண்டும்.

3. பால், எண்ணெய், புளித்தண்ணீர், உப்புத் தண்ணீர் எதுவும் புகட்ட வேண்டாம்.

4. தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு வந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வலிப்பில் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீரும் விடாதீர்கள், விரலும் விடாதீர்கள்.

தேரை இரவில்தான் வெளியே வரும். ஆகவே, பொழுது சாய்ந்ததும் நாய்க்குத் தண்ணீர் வைத்த சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். மிச்சச் சோற்றை மொய்க்கும் பூச்சியைத் தேடியும் தேரை வரும்; அதையும் எடுத்துவிடுங்கள்.

மனிதர்களுக்கு

தேரையைத் தொட்டால் சாவு வராது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். கழுவாத கையால் கண்ணைக் கசக்கினால் எரியும். நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். ஆனால், சாப்பிடுவது ஆபத்து. சமைத்தாலும் இந்த விஷம் போகாது, முட்டையிலும் உண்டு. தைவானிலும் லாவோசிலும் தேரையைத் தின்று இறந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. தவளைக் கறி என்று எண்ணித் தெரியாமல் சாப்பிட்டு, வாந்தி, தலைசுற்றல், நாடி தளர்தல் கண்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 999-ஐ அழையுங்கள். மீந்த கறியையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அது உதவும். புதிதாக வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, அப்படியானால் கண்ட தேரையையெல்லாம் அடித்துக் கொல்லலாமா?

வேண்டாம். இது நம் மண்ணில் நெடுங்காலமாக வாழ்வது. கரையான், எறும்பு, கரப்பான் எல்லாவற்றையும் தின்று நமக்குக் கூலியில்லாமல் வேலை செய்கிறது. இங்கே அதற்கு எதிராளியும் உண்டு. நம் பாரிட்டில் நீந்துகிற உடும்பின் இனத்துக்குத் தேரை விஷத்தைத் தாங்கும் உடற்கூறு இருக்கிறது. தேரையைத் தின்று வாழும் பாம்புகளும் இருக்கின்றன. பல காலம் சேர்ந்து வாழ்ந்ததால் வந்த பழக்கம் அது.

இந்தப் பழக்கம் இல்லாத நாட்டுக்குத் தேரை போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே சாட்சி. கரும்பைத் தின்னும் வண்டை ஒழிக்க, 1935-இல் ஹவாயிலிருந்து சுமார் 100 பெருந்தேரைகளைக் கொண்டுவந்து வளர்த்து, குவின்ஸ்லாந்து மாநிலத்தில் விட்டார்கள். வண்டோ கரும்பின் உச்சியில். அதன் புழுவோ மண்ணுக்குள். தரையில் தத்துகிற தேரைக்கு இரண்டும் எட்டவில்லை. நம் தென்னங்குருத்தைக் குடையும் வண்டைப் பிடிக்கத் தேரையை மரத்தடியில் விட்டால் என்ன பயனோ, அதே பயன்தான். ஆனால், ஒரு பெண் தேரை ஒரு தடவைக்கு எண்ணாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். 2009-இல் அவை மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ளும் புகுந்துவிட்டன. அந்த விஷத்தை அறியாத அந்நாட்டு உடும்புகளும், குவோல் என்னும் பூனையளவு விலங்கும், நன்னீர் முதலைகளும் தேரையைக் கடித்துச் செத்தன. சில இடங்களில் குவோல் அடியோடு அற்றுப்போனது.

அது அமெரிக்கக் கண்டத்துத் தேரை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் லயத்துத் தேரையின் இனமே மடகாஸ்கர் தீவின் துவாமசினா துறைமுகப் பக்கம் பரவியிருப்பது 2014-இல் உலகத்துக்குத் தெரிய வந்தது. வியட்நாம், கம்போடியா பக்கத்திலிருந்து போயிருக்க வேண்டும் என்று மரபணு ஆய்வு காட்டியது. அத்தீவின் 77 வகை உயிரினங்களை ஆராய்ந்ததில், ஒரே ஒரு எலி வகைக்குத்தான் அந்த விஷத்தைத் தாங்கும் தன்மை இருந்தது. பாலி, சுலாவேசி, திமோர் தீவுகளிலும் இதே தேரை குடியேறிவிட்டது. யாரும் ஆசைப்பட்டுக் கொண்டுபோகவில்லை. கப்பல் சரக்கோடு கண்ணுக்குத் தப்பிப் போனால் போதும், குடும்பம் பெருகிவிடும்.

நாற்றுப் பையும், தேங்காய் மூட்டையும், பலகையும் லாரியில் ஏற்றுகிற கை நம்முடையது. கப்பலுக்கும் தீவுகளுக்கும் போகும் சரக்கானால், ஏற்றுமுன் அடியைத் தட்டி, ஒளிந்திருக்கும் தேரையை வெளியே விடுங்கள். ஒரு நிமிட வேலை.

தேரை இருக்கிற இடத்தில் இருக்கட்டும். நாய்ச்சட்டி மட்டும் இரவில் கவிழ்ந்திருக்கட்டும். அந்தப் பையன் இப்போது வேறொரு குட்டி வளர்க்கிறான். ஒவ்வொரு சாயங்காலமும் சட்டியைக் கவிழ்ப்பது அவன்தான்.