ராமென் கிண்ணத்தில் என்ன இருக்கிறது?

ராமென் என்றதும் நம்மில் அநேகருக்கு நினைவு வருவது, பைக்கற்றைப் பிரித்து மூன்று நிமிடத்தில் அவித்தெடுக்கும் நூடுல்ஸ்தான். அது ராமென் குடும்பத்தின் கடைக்குட்டி. 1958இல் மோமொஃபுகு அன்டோ என்பவர், அவித்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தும் முறையைக் கண்டு சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆனால் 1910இலேயே டோக்கியோவின் அசகுசாவில் ரைரைகென் என்ற ராமென் கடை திறக்கப்பட்டுவிட்டது. அங்கே சமைத்தவர்கள் யொகொஹாமாவிலிருந்து வந்த சீனர்கள். நமது வட்டிலப்பம் மலாயரிடமிருந்து வந்தது என்பார்களே, அதுபோலத்தான். (அன்டோ பிறந்ததும் அதே 1910இல், தாய்வானில்.)

சென்ற விடுமுறையில் கொழும்பில் படிக்கும் என் ராத்தா ஒரு சிறிய ராமென் கடைக்கு என்னை அழைத்துச் சென்றார். பிலிமத்தலாவையில் பஸ் ஏறும்போதே, "விசாரிக்காமல் ஒன்றும் சாப்பிட வேண்டாம்" என்று உம்மா சொல்லியனுப்பினார். கடையில் தனி மேசைகள் இல்லை. நீண்ட பலகையொன்றின் முன்னே பத்துப் பேர் வரிசையாக அமரலாம், அடுப்பு கண்ணெதிரே. விசாரிக்க இதைவிட வசதியான கடை கிடையாது.

ஆனால் எதை விசாரிப்பது? கோழி ஹலாலா என்று எல்லோரும் கேட்போம். ராமெனில் அது போதாது. கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றப்படுவது 'தரே' என்னும் உப்புச் சாறு. சோயா சோஸ், மிசோ, வெறும் உப்பு என அது கடைக்குக் கடை மாறும். அதில் பெரும்பாலும் 'மிரின்' சேர்ப்பார்கள். இனிப்பாக இருந்தாலும் அது அரிசி மதுவே. அசல் மிரினில் மதுசாரம் ஏறக்குறைய 14 வீதம். சில சோயா சோஸ்களிலும் பழுதாகாமலிருக்க மதுசாரம் கலப்பதுண்டு. தரேயின் மேல் ஊற்றும் சூப்பு பல மணிநேரம் எலும்பைக் கொதிக்கவைத்து எடுப்பது. பால்போல் வெள்ளையாக இருக்கும் 'டொன்கொட்சு' பன்றி எலும்புச் சூப்பு. கடைசியாக மிதக்கவிடும் வாசனை எண்ணெயும் சில இடங்களில் பன்றிக் கொழுப்புத்தான். இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிடச் சொல்வதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

நான் மூன்றையும் கேட்டேன். சமையற்காரர் முகம் சுளிக்கவில்லை. சோஸ் போத்தலையே எடுத்துக் காட்டினார். கோழி ஹலால், சூப்பு கோழி எலும்பில், எண்ணெய் கோழிக் கொழுப்பில், மிரினுக்குப் பதில் சீனி.

முதல் கரண்டியிலேயே ஒரு பழகிய வாசம். அது 'கட்சுவொபுஷி' என்றார். பலயா மீனை அவித்து, புகையூட்டி, கல்லாக உலர்த்தி, மரச்சீவல்போல் சீவிச் சேர்ப்பார்களாம். வேறென்ன, நமது மாசிதான்! மாலைதீவில் அதே மீனை அவித்துப் புகையூட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். நாம் இடித்துச் சம்பலில் போடுகிறோம். அவர்கள் சீவி, சுடுநீரில் ஊறவைத்துச் சாறெடுக்கிறார்கள்.

நூடுல்ஸின் மஞ்சள் நிறத்துக்கும் இழுவைக்கும் காரணம் முட்டை என்றே எண்ணியிருந்தேன். உண்மையில் கோதுமை மாவில் 'கன்சுய்' என்ற காரநீர் சேர்கிறது. சாதாரண ஸ்பகெட்டியை அப்பச்சோடா கலந்த நீரில் அவித்தாலும் ஓரளவு அந்தப் பதம் வரும். கொதிக்கும்போது நுரை பொங்கும். பெரிய சட்டியாகப் பார்த்து வையுங்கள்.