சுனையருகே பாளையம் இறங்குதல்

'பாளையம்' என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் பலருக்குப் பாஞ்சாலங்குறிச்சியும் வீரபாண்டிய கட்டபொம்மனும் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின் படையினர் வழியிற் கூடாரமடித்துத் தங்கும் இடத்திற்கும் பாளையம் என்பதே பெயர். அவ்வாறு தங்குதலைப் 'பாளையம் இறங்குதல்' என்று நம் முன்னோர் கூறினர். பாளையம் இறங்குவோன் முதற்கண் நோக்குவது யாது? நிழலோ, காட்சியோ, காவலோ அன்று. இவையெல்லாம் பின்னரே. முதலில் நோக்கத்தக்கது நீர்.

பாஞ்சாலங்குறிச்சியைக் கண்டபின் இயற்கைச் சுனையொன்றன் அருகே இரண்டு இரவு கூடாரமடித்துத் தங்கவேண்டும் என்று நம் மாணவர் சிலர் விரும்புகின்றனர். விருப்பம் நன்று. அதனை நிறைவேற்றும் வகையை ஈண்டுச் சுருங்க விளக்குவோம்.

முதலாவது, நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து பரந்து கிடப்பது கரிசல் நிலம். இங்கு ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதிற் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. கரிசலின் நுண்ணிய களிமண் நீரையுண்டு வீங்கும். வீங்கியபின் மேல்விழும் நீரைக் கீழே விடாது. வெயிற்காலத்திற் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். உண்ட நீரைத் தன்னுள்ளே இறுகப் பற்றிக்கொள்வதாற்றான் பருத்தியும் சோளமும் கம்பும் பாசனமின்றி அங்கு விளைகின்றன. இத்தகைய மானாவாரி வேளாண்மையை ஆராயும் நிலையம் ஒன்று கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது.

பயிருக்கு நலஞ்செய்யும் அவ்வியல்பே பிரயாணிக்கு இடர் விளைப்பது. நீரைக் கீழே விடாத மண்ணிற் சுனை பிறப்பதில்லை. ஆதலின் கரிசற் சீமையார் ஊருணியையும் கண்மாயையும் நம்பியே வாழ்ந்துவந்தனர். மழை பெய்தாலோ அந்நிலத்தில் கால் வைக்கவும் இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில் நாம் சிலர் கரிசற் புன்செய் ஓரத்திற் கூடாரமடித்தோம். நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. அரைமணி நேரத்திற்குள் முளைகள் நெகிழ்ந்து கூடாரம் சாய்ந்தது. எடுத்துவைத்த ஒவ்வோரடியிலும் படிபடியாகச் சேறு ஒட்டிற்று. வண்டிச் சக்கரங்கள் அச்சுவரை புதைந்தன. விடிந்தபின் அவ்வூரார் வந்து இழுத்துவிட்டிராவிடின் நம் பாடு என்னாகியிருக்குமோ அறியோம். "மழைக்காலத்திற் கரிசலில் எவராவது இறங்குவார்களா, ஐயா?" என்று அவருள் முதியவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்றளவும் நம்மிடம் விடையில்லை.

ஆகவே பாஞ்சாலங்குறிச்சியைப் பகலிற் கண்டு, இரவிற்குத் தேரி நிலத்தை நாடுதலே தக்கது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801-இல் அவன் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய மண்கோட்டையும் அவ்வாண்டு மே மாதத்தில் வீழ்ந்து, பின்னர்த் தரைமட்டமாயிற்று. இன்று நாம் அங்குக் காண்பது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அதனைக் கண்டபின் தூத்துக்குடி வழியாகத் தெற்கே திருச்செந்தூர்ப் பக்கம் செல்லின், கருநிறம் மறைந்து செந்நிறம் தோன்றும். அதுவே தேரி, காற்றாற் குவிந்த செம்மணல் மேடுகளாலாகிய நிலம். மணற்றுகள்கள்மேல் இரும்புத்துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருத்தலே அச்செம்மைக்குக் காரணம்.

கரிசல் செய்யாததைத் தேரி செய்கின்றது. மேலே விழும் மழைநீரைத் தடையின்றி உள்ளே வாங்கி, வெயில் தீண்டாத ஆழத்திற் சேமித்து, தாழ்ந்த இடங்களிற் சிறிது சிறிதாக வெளிப்படுத்துகின்றது. குதிரைமொழித் தேரிப் பக்கம் மேலப்புதுக்குடியை அடுத்துள்ள அருஞ்சுனை இவ்வாறு பிறந்ததே. சுற்றிலும் செம்மணல் காயும்போது அச்சுனையருகே மரஞ்செடிகள் பசுமையாய் நிற்றலைக் காணலாம். திருச்செந்தூர்க் கடற்கரையிலுள்ள நாழிக்கிணறும் மணல் காத்த நன்னீருக்குச் சான்றாகும். நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலின் மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட கணக்கு. மேலுள்ள ஓரடியை இறைத்து வற்றச் செய்தால் கீழுள்ள 40 அடியும் உவர்நீருக்கு இடங்கொடுத்துவிடும் என்பதும் அக்கணக்கினாலேயே விளங்கும்.

இந்நிலத்திற் பாளையம் இறங்க நினைத்தவர் நாம் முதல்வர் அல்லேம். தேரிகளிற் பல்லாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட சிறு கற்கருவிகள் கிடைத்துள்ளன. அவற்றை ஸாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவரும் ஆராய்ந்து 1956-இல் விரிவாக வெளியிட்டனர். வேட்டையும் மீன்பிடியும் தொழிலாகக் கொண்ட அம்மக்களும் இம்மணல் மேடுகளிலேயே தங்கினர்.

இனி, காலம். தை பிற்பகுதியும் மாசியும் சிறந்தவை. மழை ஓய்ந்து சுனை நிறைந்திருக்கும், வெயிலும் கடுமையாயிராது. சித்திரை, வைகாசியில் மணல் அடி வைக்கவொண்ணாதபடி சுடும். ஆனி, ஆடியில் மேல்காற்று மணலை வாரியடிக்கும். பங்குனி உத்திரத்தன்று குலதெய்வ வழிபாட்டிற்கு மக்கள் திரளாக வருவர். அந்நாளில் நாம் இடத்தை அடைத்துக்கொள்ளுதல் முறையன்று. ஐப்பசி முதல் மார்கழிவரை போகவே கூடாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டில் வேண்டிய மழையினும் மிக்கது ஒரே நாளில்! ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான இரயிற் பிரயாணிகள் வெள்ளத்தினிடையே சிக்கிக்கொண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். வானிலை அறிவிப்பைப் பாராது புறப்படுதல் துணிவன்று, பேதைமையே.

அடுத்தது அனுமதி. குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறையாரின் அனுமதியின்றி அதனுட் புகுந்து தங்குதல் சட்டப்படி குற்றமாகும். காட்டிற்கு வெளியே தங்குவதாயினும் நிலத்துக்குரியவரையும் ஊர்ப் பெரியோரையும் முன்னரே கண்டு கேட்டல் வேண்டும். சுனை கோயிலைச் சார்ந்ததாதலின், அங்குள்ளோர் வகுத்த ஒழுங்குகளை எச்சமயத்தவராயினும் மதித்தொழுகுதல் கடமை.

கூடாரத்தைச் சுனைக்கரையில் அடித்தல் ஆகாது. மாலையிலும் விடியற்காலையிலும் ஆடுமாடுகளும் மயில் முதலியனவும் அங்கு நீருண்ண வரும். அவற்றின் வழியை நாம் மறிக்கலாகாது. குறைந்தது 100 அடி தூரம் விலகி, தாழ்விடத்தைத் தவிர்த்து, காற்றுக்கு முதுகு காட்டி அடித்தல் நலம். மணலில் முளை நில்லாது. சாக்கில் மணலை நிரப்பிப் புதைத்து, கயிற்றை அதிற் கட்டின் எக்காற்றிற்கும் அசையாது.

நீர்க்கணக்கு எளிது. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் எனக் கொள்வோம். 20 மாணவர் மூன்று நாள் தங்கின் 360 லிட்டர் வேண்டும். இதனைச் சுனையினின்று எடுக்கலாமென எண்ணற்க, உடன் கொண்டுசெல்க. சுனைநீரைக் கண்ணுக்கும் மனத்துக்கும் வைத்துக்கொள்க. நேர்ந்தவிடத்துப் பருக வேண்டுமாயின் நன்றாகக் கொதிக்கவைத்தே பருக வேண்டும்.

யாவற்றினும் முக்கியமானது தூய்மை. மழைநீரைத் தடையின்றி உள்ளே வாங்கும் மணல், சவர்க்கார நீரையும் மலத்தையும் அவ்வாறே தடையின்றி வாங்கும் என்பதை மறவற்க. சுனையைப் பிறப்பித்த குணமே சுனையைக் கெடுக்கவும் வழியாகும். ஆதலின் சுனையிற் சவர்க்காரமிட்டுக் குளித்தலும் பாத்திரம் துலக்குதலும் அறவே கூடாது. வாளியில் முகந்த நீரை 200 அடிக்கு அப்பால் கொண்டுபோய்ப் பயன்படுத்துக. மலக்குழி அதனினும் தொலைவில், சுனையை நோக்கிச் சரியாத பக்கத்தில் அமைதல் வேண்டும். கொண்டுபோன காகிதமும் பிளாஸ்டிக்கும் திரும்ப நம்முடனே வருக.

உணவிற்குப் புளிச்சோறும், கோவில்பட்டிக் கடலை மிட்டாயும், உடன்குடிக் கருப்பட்டியும் போதும்; கெடா, கனமுமில்லை. பனைகள் காய்ந்த ஓலை உதிர்க்கும் நிலமாதலின் அடுப்புத் தீயில் ஒருவர் கண் எப்போதும் இருத்தல் வேண்டும். சுருட்டை விரியன் மணலில் மறைந்து கிடக்குமாதலின் இரவில் விளக்கின்றி நடத்தலாகாது. பாதரட்சையை உதறியே அணிக. பாம்பு தீண்டின், கடிவாயைக் கீறாது, இறுகக் கட்டாது, தீண்டப்பட்டவரை அசையாதிருக்கச் செய்து அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்க. அதற்கென ஒரு வண்டி இரவு முழுதும் ஆயத்தமாய் நிற்றல் வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடும் ஒரு சிறு சுனைக்காகவா என்று சிலர் வினவலாம். அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் கிஸ்ஸெஞ்சென் என்றொரு பெருஞ்சுனை இருந்தது. அயலூர் மக்கள் திரண்டு வந்து நீந்தி மகிழ்ந்த இடம் அது. சுற்றிலும் நிலநீரை அளவின்றி இறைத்தமையால் 1950-இல் அதன் ஓட்டம் நின்றது. நம் கரையோர ஊர்களிலும் கிணறுகள் உவர்த்துவருதல் கண்கூடு. சுனை ஒருநாளில் இறப்பதில்லை. ஒவ்வொருவர் செய்யும் சிறு பிழைகளால் மெல்ல இறக்கின்றது.

மேலப்புதுக்குடிக் கோயிலில் உறையும் தெய்வத்தின் பெயர் 'அருஞ்சுனை காத்த ஐயனார்' என்பது. சுனையைப் படைத்தவர் என்றோ பெருக்கியவர் என்றோ கூறாது, காத்தவர் என்றே ஊரார் பெயரிட்டனர். நீரருமை அறிந்த மக்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. இரண்டு இரவு தங்கித் திரும்பும் நாமும் அந்த இரண்டு இரவுக்கேனும் அச்சுனையைக் காத்தவராவோமாக.