ஹெர்ப்பிஸ்: லேப் ரிப்போர்ட் யாரையும் காட்டிக்கொடுக்காது

இரண்டாவது முறை கரு கலைந்த பெண்ணுக்கு 'டார்ச்' டெஸ்ட் எழுதிக் கொடுப்பது நம்மூரில் பல இடங்களில் வழக்கம். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வரும். அதுவும் பாதி வீடுகளில் கணவரின் எண்ணுக்குத்தான். ருபெல்லா, டாக்சோபிளாஸ்மா என்று வாயில் நுழையாத பெயர்களுக்கு நடுவே 'எச்.எஸ்.வி. பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. கூகுளில் தட்டினால் 'பாலுறவால் பரவும் நோய்' என்கிறது. அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. மறுநாள் டாக்டரைப் பார்ப்பதற்குள் விசாரணை முடிந்து தீர்ப்பும் ஆகிவிடுகிறது, பெரும்பாலும் பெண்ணுக்கு எதிராக.

அந்த வரியால் அவ்வளவையும் சொல்ல முடியுமா என்றால், முடியாது.

எச்.எஸ்.வி. என்கிற ஹெர்ப்பிஸ் வைரஸில் இரண்டு வகை. முதல் வகைதான் காய்ச்சலோடு உதட்டோரம் வருகிற, நாம் 'சூட்டுக் கொப்புளம்' என்று மோர் குடித்து ஆற்றுகிற சமாச்சாரம். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பலருக்குச் சின்ன வயதில், பெரியவர்கள் கொஞ்சி முத்தமிட்டதிலேயே வந்திருக்கும். இரண்டாம் வகை பெரும்பாலும் பாலுறவால் பரவி, பிறப்புறுப்பில் தங்குகிறது. ஆனால் வாய்வழி உறவால் முதல் வகையும் கீழே இறங்கும். (அக்கி என்று நாம் சொல்லி, காவி குழைத்து எழுதச் சொல்கிறோமே, அது சின்னம்மை வைரஸின் வேலை. வைரஸ் குடும்பம் ஒன்றுதான், ஆள் வேறு. டாக்டர் 'ஹெர்ப்பிஸ் ஜோஸ்டர்' என்று எழுதியதைப் பார்த்துத் தவறாகப் பயந்தவர்களும் உண்டு.)

ரத்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அதனால் தொற்று உடம்பின் எந்த இடத்தில், எந்த வருடம், யாரிடமிருந்து வந்தது என்ற மூன்று கேள்விக்கும் அதனிடம் பதில் இல்லை. வீட்டில் சண்டை நடப்பதோ இந்த மூன்றைப் பற்றித்தான். இரண்டாம் வகை எத்தனையோ ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் நரம்பு முடிச்சில் படுத்திருக்கும். திருமணமாகி பத்தாவது வருடம் முதல் கொப்புளம் வருகிறது என்பதற்காக, பத்தாவது வருடம் யாரோ துரோகம் செய்தார்கள் என்று ஆகாது.

டார்ச் பட்டியலில் வரும் 'ஐஜிஎம்' என்ற எதிர்ப்பொருள் வரியை நம்பவே வேண்டாம் என்பேன். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதிய தொற்று என்ற கணக்கு ஹெர்ப்பிஸுக்குப் பொருந்தாது. பழைய தொற்று மறுபடி தலைதூக்கும்போதும் அது காட்டும். எந்த வகை என்றும் பிரித்துச் சொல்லாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஹெர்ப்பிஸைக் கண்டறிய அதைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது. 'ஐஜிஜி' என்ற இன்னொரு எதிர்ப்பொருள் கொஞ்சம் மேல். ஆனால் வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜியாக இருக்க வேண்டும். தொற்றி 12 வாரம் ஆவதற்குள் செய்தால் நெகட்டிவ் என்று ஏமாற்றலாம். இரண்டாம் வகை பாசிட்டிவ் என்று வந்தும் ரிப்போர்ட்டில் அதற்கான எண் 3-க்குக் கீழே இருந்தால், அது பொய்யான பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறு முறையில் இன்னொரு டெஸ்ட் செய்து உறுதிப்படுத்தாமல் நோய் என்று முடிவுகட்டக் கூடாது. இத்தனை குழப்பம் இருப்பதால்தான் அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016-இலும், மறுபடி 2023-இலும் சொன்னது.

நம்பத் தகுந்த சோதனை புண்ணில்தான் இருக்கிறது. கொப்புளம் கிளம்பிய 48 மணி நேரத்துக்குள் அதன் நீரைப் பஞ்சுக் குச்சியில் ஒற்றி எடுத்து பி.சி.ஆர். செய்தால் வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்று தெரிந்துவிடும். பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் நெகட்டிவ் வரலாம். அதை வைத்து நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது.

கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு இருப்பது இப்படி உறுதியானால், மற்றவருக்கு வகை பிரிக்கும் ஐஜிஜி செய்வதில் அர்த்தமுண்டு. அவரிடம் ஏற்கெனவே அதே வகை இருந்தால் பாதி கவலை தீர்ந்தது. இல்லையென்றால் தடுக்க வழி இருக்கிறது. அரிப்போ குறுகுறுப்போ தொடங்கியதிலிருந்து புண் முழுதும் ஆறும்வரை உறவு வேண்டாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றாக நீக்காது. இரண்டாம் வகை உள்ளவர் தினமும் வாலசைக்ளோவிர் எடுத்துக்கொண்டால் துணைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வைரஸை உடம்பிலிருந்து விரட்டும் மருந்து மட்டும் இன்னும் இல்லை.

அதிகம் கவனிக்க வேண்டியது கர்ப்ப காலம். பழைய தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிரசவம் நெருங்கிய மாதங்களில் முதன்முதலாகத் தொற்றினால் அது 30 முதல் 50 சதவீதம். பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆகவே தனக்கு ஹெர்ப்பிஸ் இருப்பது தெரிந்த கணவன், மனைவி கர்ப்பமாக இருக்கும்போது அதை மறைப்பது பெரிய குற்றம் என்றே சொல்வேன். கடைசி மூன்று மாதம் வாய்வழி உறவு உட்பட எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.

இனி உரிமைகள். மனைவியின் ரிப்போர்ட் மனைவிக்குரியது. அவர் சம்மதமில்லாமல் கணவரிடமோ மாமியாரிடமோ டாக்டர் சொல்லக் கூடாது. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள் நீதிமன்ற உத்தரவு, இன்னொருவருக்குக் கடும் ஆபத்து போன்ற சில விலக்குகளை மட்டுமே தருகின்றன. கணவருக்கும் அதே உரிமை. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. மீறிய மருத்துவர்மீது மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். மருத்துவமனையோ லேபோ சேவையில் குறை வைத்திருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் 'தொற்றக்கூடிய பால்வினை நோய்' விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்று. இதைக் காட்டி மிரட்டுபவர்கள் உண்டு. வழக்குப் போடுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இடமோ காலமோ சொல்லாத ஐஜிஎம் தாளை நீட்டி மிரட்டினால் பயந்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. அடி, உதை, வீட்டை விட்டுத் துரத்தல் என்று போனால் 181.

செலவுக்குப் பயந்தும் ஒதுங்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் சிகிச்சை இலவசம். ஹெர்ப்பிஸ் புண்ணுக்கென்றே சிவப்பு நிற உறையில் 5-ஆம் எண் மருந்துத் தொகுப்பு தருகிறார்கள்: அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, ஏழு நாளுக்கு. எங்கே போவது என்று கேட்க 1097-ஐ அழைக்கலாம், காசில்லை. கொப்புளம் கண்ணில் பட்டால் களிம்பு தடவிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் போகலாம் என்று இருக்காதீர்கள். முதல் இரண்டு நாளைக்குள் போங்கள், முடிந்தால் இருவருமாக.