ஒரு கிலோ குறைந்தால் என்ன லாபம்?

மலை சைக்கிளில் ஒரு கிலோ குறைக்கப் பலர் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். மேட்டில் அதற்குப் பலன் உண்டுதான். ஆனால் 70 கிலோ ஆளும் 14 கிலோ வண்டியும் சேர்ந்தால் 84. அதில் ஒரு கிலோ 1.2 சதவீதம். ஒரு மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் மிச்சமாவது முக்கால் நிமிடத்துக்குள்.

இறக்கத்தில் கதையே வேறு. கல்லும் வேருமான பாதையில் கனமான வண்டி அதிகம் துள்ளாது. டவுன்ஹில் வீரர்கள் சிலர் வேண்டுமென்றே சட்டத்தில் எடைக்கட்டி பொருத்துகிறார்கள்!

எடையைக் குறைக்க ஆசைப்பட்டு டயரை மட்டும் மெலிதாக்கக் கூடாது. கூரான கல் பட்டால் கிழிந்துவிடும். பஞ்சரின் விலை என்ன? 2024 பாரிஸ் ஒலிம்பிக் மலை சைக்கிள் பந்தயத்தில் முன்சக்கரம் பஞ்சராகி, பிரிட்டனின் டாம் பிட்காக் சுமார் 40 விநாடி இழந்தார். ஒரு கிலோ தரும் லாபம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிறகு விரட்டிப் பிடித்துத் தங்கமும் வென்றார்.