ஓசோன்: வேலை முடிந்ததும் மறையும் கிருமிநாசினி

மூன்று அணுக்கள் சேர்ந்த ஆக்சிஜன்தான் ஓசோன். மூன்றாவது அணு உறுதியாக ஒட்டியிருப்பதில்லை. எதிர்ப்படும் பொருளோடு வினைபுரிந்து பிரியவே பார்க்கும். தண்ணீரில் உள்ள பாக்டீரியாவின் செல்சுவரும் வைரஸின் புரத உறையும் இதனால்தான் சிதைகின்றன. இரும்பு, மாங்கனீஸ் படிந்து பிரிவதும், பாசியால் வரும் மண்வாசனை குறைவதும் கூடுதல் லாபம்.

இதைச் சிலிண்டரில் அடைத்து லாரியில் கொண்டுவர வழியில்லை. சேமித்து வைத்தால் சாதாரண ஆக்சிஜனாகிவிடும். எனவே சுத்திகரிப்பு நிலையத்திலேயே தயாரிக்க வேண்டும். ஈரம் நீக்கிய காற்றை அல்லது ஆக்சிஜனைக் குறுகிய இடைவெளியில் செலுத்தி, உயர் மின்னழுத்தத்தில் மின்னிறக்கம் நடத்துகிறார்கள். வெர்னர் ஃபான் சீமென்ஸ் 1857-இல் அமைத்த கருவியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. கிடைக்கும் வாயு, ஆழமான தொட்டியின் அடியிலிருந்து நுண்குமிழிகளாக ஏறுகிறது. கரையாமல் மேலே வருவது நுரையீரலைப் பாதிக்கும் நச்சு. அதைச் சிதைத்த பிறகே வெளியே விடலாம்.

நெதர்லாந்தின் அவுட்ஸ்ஹோர்னில் 1893-இலும், பிரான்சின் நீஸ் நகரில் 1906-இலும் குடிநீருக்கு ஓசோன் பயன்பாட்டுக்கு வந்தது. முதல் உலகப்போருக்குப் பின் மலிவான குளோரின் முந்திக்கொண்டது. பணக்கணக்கில் அது நியாயமான தேர்வுதான்.

வேகத்தின் கணக்கு வேறு. 10 டிகிரி வெப்பத்தில் உள்ள தண்ணீரில் ஜியார்டியா ஒட்டுண்ணியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க, லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஓசோன் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் இருந்தால் போதும். அதே அளவு குளோரினுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி ஜியார்டியாவைவிட முரடு. அதன் தடித்த ஓட்டைக் குடிநீரில் கலக்கும் அளவு குளோரின் ஒன்றும் செய்யாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், மிச்சிகன் ஏரியிலிருந்து எடுத்து வடிகட்டிக் குளோரின் கலந்த தண்ணீரைக் குடித்த சுமார் 4 லட்சம் பேர் இந்த ஒட்டுண்ணியால் நோயுற்றார்கள். அதன் பிறகு அந்நகரம் ஓசோனுக்கு மாறியது. ஆனாலும் குளிர்ந்த நீரில் இந்த ஒட்டுண்ணியைக் கொல்ல, ஜியார்டியாவுக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு ஓசோன் வேண்டும்.

அளவைக் கூட்டினால் வேறு சிக்கல். தண்ணீரில் புரோமைடு இருந்தால், ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றிவிடும். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் இதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 2004-இல் பிரிட்டனில் டசானி என்ற வணிகப் பெயரில் விற்ற தண்ணீர் சுமார் 5 லட்சம் பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம் இதுவே: சேர்த்த கால்சியம் குளோரைடில் புரோமைடு இருந்தது, ஓசோன் மிச்சத்தைச் செய்தது. கடல்நீர் கலந்த நிலத்தடி நீரிலும் புரோமைடு மிகுதியாக இருக்கக்கூடும்.

இன்னொரு பக்கம், ஓசோன் பெரிய கரிமப் பொருள்களைச் சிறுசிறு துண்டுகளாக்கி, பாக்டீரியாவுக்கு இரையாக்குகிறது. அதனால் பெரிய நிலையங்களில் அடுத்து ஒரு கரி வடிகட்டி இருக்கும்; அதில் வளரும் நுண்ணுயிர்களே அந்த இரையைத் தின்று தீர்க்கும்.

வழக்கமாக அரைமணி நேரத்துக்குள் ஓசோனின் பெரும்பகுதி மறைந்துவிடும். கிலோமீட்டர் கணக்கில் குழாயில் ஓடும் தண்ணீருக்கு அது காவல் ஆகாது. கடைசியில் குளோரின் கொஞ்சம் கலக்கவே வேண்டும். மூடி முத்திரையிட்ட பாட்டிலுக்கும் கேனுக்கும் அந்தக் கவலை குறைவு. எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) வடிகட்டலும் புற ஊதாக் கதிரும் முடிந்தபின் நம்மூர்க் கேன் தண்ணீர் ஆலைகளில் ஓசோன் ஏற்றுவது இதனால்தான். ஆனால் கேனைத் திறந்த பிறகு உள்ளே போகும் கிருமியைத் தடுக்க அந்தத் தண்ணீரில் எதுவும் மிஞ்சியிருக்காது.