நெட்டில் வந்த வரனும் கோவிலில் வாசிக்கும் ஓலையும்

கோயமுத்தூர் பெரியகடை வீதிக்கு ஜவுளி வாங்கத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்குள்ள புனித மிக்கேல் பேராலயத்துக்குள் போய்ச் சற்று உட்கார்ந்து பாருங்கள். பூசை முடிகிற சமயத்தில் அறிவிப்புகள் வாசிப்பார்கள். மறைக்கல்வி வகுப்பு, இளைஞர் கூட்டம் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கடைசியில் கலியாண ஓலை வரும். இன்ன ஊர் இன்னார் மகனுக்கும் இன்ன பங்கைச் சேர்ந்த இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இது முதல் ஓலை, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கவும் என்பார்கள். அவ்வளவுதான்! பின் வரிசையில் அரைத் தூக்கத்தில் இருக்கும் பெரியம்மாகூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"யாருங் கண்ணு சொல்லி வந்த சம்பந்தம்?"

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். உபதேசியார் சொன்னார், மில்லில் கூட வேலை பார்ப்பவர் சொன்னார், கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா திருவிழாவில் அத்தை பார்த்து வைத்தாள் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இன்றைக்குப் பெண்ணின் தாயார் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "நெட்டுல வந்ததுங்க" என்கிறார். ஏன் குரலைத் தாழ்த்த வேண்டும்? அதைத்தான் இந்த வாரம் உங்களோடு பேச வந்தேன்.

முதலில் ஒரு வேடிக்கை. சென்னை ராயபுரத்தில் வளர்ந்து அமெரிக்காவில் கணிப்பொறி வேலைக்குப் போன முருகவேல் ஜானகிராமன், 1997-ல் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் பல பகுதிகள் இருந்தாலும் ஜனங்கள் மொய்த்தது கலியாணப் பகுதியில்தான். அதுவே பிறகு பாரத் மேட்ரிமனியாக வளர்ந்து, 2017-ல் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கும் வந்தது. வேடிக்கை அதுவல்ல. கடை விரித்தவருக்கே அந்தக் கடையில்தான் பெண் கிடைத்தது! தம் மனைவியை அவர் கண்டடைந்ததும் அதே தளத்தின் மூலமாகத்தான்.

கத்தோலிக்கர்கள் மட்டும் பின்தங்கவில்லை. வாளையாறு தாண்டிக் கொச்சிக்குப் போனால், அங்கே கார்மல் சபைக் குருக்களே 1996-ல் தொடங்கிய 'சாவரா மேட்ரிமனி' இருக்கிறது. 2014-ல் புனிதராக உயர்த்தப்பட்ட குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா அடிகளின் பெயர் அதற்கு. துறவிகள் கலியாணத் தரகு பார்ப்பதா என்று சிரிக்காதீர்கள். வேதாகமத்தில் ஒரு சம்மனசே அந்த வேலையைப் பார்த்திருக்கிறார். கத்தோலிக்க விவிலியத்தில் தோபித்து என்றொரு நூல் உண்டு. நினிவே நகரத்துப் பையன் தோபியா, தகப்பனார் கொடுத்து வைத்த வெள்ளியை வாங்கிவரத் தூர தேசம் புறப்படுகிறான். வழித்துணைக்கு ஒரு வாலிபர் வருகிறார். கூடவே ஒரு நாயும் போகிறது. அந்த வாலிபர்தான் எக்பத்தானாவில் சாரா என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லிக் கலியாணத்தை முடித்து வைக்கிறார். கடைசியில்தான் தெரிகிறது, அவர் இரபேல் சம்மனசு என்று. அமெரிக்காவில் 1999-ல் தொடங்கி, பின்னால் 'கத்தோலிக் மேட்ச்' ஆன தளம், முதலில் இவர் பெயரைத்தான் தாங்கியிருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரபேலின் திருநாளும் நம் பேராலயத்து மிக்கேலின் திருநாளும் இப்போது ஒரே நாள்தான், செப்டம்பர் 29.

சரி, விஷயத்துக்கு வருவோம். விளக்கத்துக்காக ஒரு ஜோடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெண் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையன் சோமனூர் விசைத்தறிக் குடும்பம், தோஹாவில் வேலை. தளத்தில் பெண்ணின் விவரத்தைப் பதிவு செய்தது அப்பா, படத்தைத் தேர்ந்தெடுத்தது அம்மா. பையனுடைய படத்தைப் பார்த்துவிட்டுப் பெண் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேசினார்கள். தோஹாவில் பூசைக்கு எங்கே போவீர்கள் என்று அவள் கேட்கிறாள். 2008-ல் அங்கே திறந்த கோவிலைச் சொல்லி, "அதுவும் ஜெபமாலை மாதா கோவில்தானுங்க, நம்ம கருமத்தம்பட்டி மாதிரி" என்கிறான் அவன். இப்படித்தான் ஆரம்பமாகும். மூன்று மாதத்துக்குள், ஷிப்மெண்ட் நெருக்கடியில் அவள் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்பது கடல் தாண்டி இருக்கிறவனுக்குத் தெரிந்திருக்கும். கலியாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்கிறாள் அவள். அவன் உடனே தலையாட்டவில்லை. ஒரு நாள் யோசித்துவிட்டு மறுநாள் சரி என்கிறான். அந்த ஒரு நாள் அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள். இதைக் காதல் என்பீர்களா, பெரியவர்கள் ஏற்பாடு என்பீர்களா?

சர்க்காருக்கே இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. 2016 ஜூனில் மத்திய அரசு திருமணத் தளங்களுக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. இது கலியாணத்துக்கு மட்டுமே, டேட்டிங்குக்கு அல்ல என்று தளத்தில் எழுதி வைக்க வேண்டும். பதிவு செய்கிறவரின் அடையாளச் சான்றைச் சரிபார்க்க வேண்டும் என்றது. இரண்டாவது நல்ல யோசனை. முதலாவதைப் பற்றி என்ன சொல்ல? மூன்று மாதம் பேசின மனது அந்தப் பலகையைப் படித்துவிட்டா பேசுகிறது?

இந்தத் தளங்களின் படிவத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு கட்டம் உண்டு. மதம் கிறிஸ்தவம், பிரிவு கத்தோலிக்கம் என்று நிரப்பிக்கொண்டே வந்தால் கீழே சாதி வந்து நிற்கிறது. ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்திருக்க வேண்டிய சங்கதி! சாதி வேற்றுமை பெரும் சமூகப் பாவம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கையில் சொன்னார்கள். ஆனால் கட்டத்தைக் கணிப்பொறி தானாகப் போடவில்லை; நாம் கேட்கிறோம், அது போடுகிறது. அதே கட்டத்தைக் காலியாக விட்டுத் தேடினால், அத்தை ஜன்மத்துக்கும் காட்டாத வரன்களும் திரையில் வருகிறார்கள். அப்படித் தேடத் துணிவு வேண்டும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி மாறிக் கலியாணம் செய்துகொண்ட ஒரே குற்றத்துக்காக ஓர் இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டது இந்தக் கொங்கு மண்ணில்தான். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. ஆனால் பயத்துக்கு மதம் ஏது?

இனி அத்தை கேட்கும் கேள்வி. "போன்ல பேசிப் பழகிட்டா ஆச்சுங்களா? அவனுக்கு அங்க ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தா?"

நியாயமான கேள்வி. தளம் அடையாள அட்டையைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது. இங்கேதான் கோவிலின் பழைய நோட்டுப் புத்தகம் உதவிக்கு வருகிறது. கலியாணத்துக்கு எழுதிக்கொடுக்கப் போனால் பங்குத் தந்தை முதலில் கேட்பது ஞானஸ்நானச் சான்றிதழ். பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கும் பழுப்புக் காகிதத்தைக் கொடுத்தால் வாங்கமாட்டார். புதிதாக எடுத்து வரச் சொல்வார். இது எதற்கு வீண் அலைச்சல் என்று பலர் முணுமுணுப்பதுண்டு. காரணம் இருக்கிறது. ஒரு கத்தோலிக்கர் உலகத்தின் எந்த மூலையில் கோவிலில் கலியாணம் செய்துகொண்டாலும், அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்கு அனுப்பி, அங்குள்ள பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே குறிக்க வேண்டும். 1908 முதல் உலகம் முழுவதற்கும் இது சட்டம். சோமனூர்ப் பையன் தோஹாவில் கைப்பிடித்திருந்தால், கருமத்தம்பட்டி ஏடு அதைச் சொல்லிவிட வேண்டும்.

கோவிலுக்கு வெளியே, பதிவு அலுவலகத்தில் செய்திருந்தால்? ஏட்டுக்குத் தெரியாமல் போகலாம். அதற்குத்தான் ஓலை. 1215-ல் லாத்தரன் சங்கம் கட்டளையிட்டது. 1563-ல் திரெந்து சங்கம் மூன்று முறை வாசிக்கச் சொன்னது. பெண்ணின் பங்கிலும் பையனின் பங்கிலும் வாசிப்பார்கள். தடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது தவறு என்கிறது திருச்சபைச் சட்டம். 1983-ல் வந்த சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இல்லறத்தையே குலைக்கக்கூடிய குணக்கேட்டை அல்லது குறையை மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால் அந்தக் கலியாணமே செல்லாது என்கிறது. படிவத்தில் பொய் எழுதுகிறவர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது என்று வையுங்கள். யாரும் தடை சொல்லவில்லை. பூசை முடிந்து வாசலுக்கு வந்தால், அங்கே பெரியம்மா காத்திருக்கிறார். "யாரு சொல்லி வந்த சம்பந்தம்னு நீ இன்னும் சொல்லவே இல்லியே கண்ணு?"

"நெட்டுலதானுங் பெரியம்மா." இந்தத் தடவை தாயார் குரலைத் தாழ்த்தவில்லை.

பெரியம்மா அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார். பிறகு இவர்தான் குரலைத் தாழ்த்துகிறார்.

"அந்த நெட்டு பேரு என்னன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடு கண்ணு. நம்ம பேரனுக்கும் வயசு முப்பத்தொண்ணு ஆச்சு."