அறுபத்து மூன்று வயதில் கணக்குப் பாடம்



"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த பழமொழி. நாமும் அளந்துதான் போட்டு வந்தோம். தர்மபுரியில் புளி, பருப்பு, மளிகை மொத்த வியாபாரம் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எடையில் ஒரு கிராம் குறைத்ததில்லை. நாள்வழி எழுதாமல் ஒரு நாளும் கடையைச் சாத்தியதில்லை. அப்படியிருந்தும் கணக்குத் தெரியாமல்தான் இத்தனை காலம் வியாபாரம் செய்தோம் என்பதை அறுபத்து மூன்றாவது வயதில் தெரிந்துகொண்டோம். அந்த அனுபவத்தை மறைக்காமல் எழுதினால் மற்ற வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால் இந்தக் கட்டுரை.

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம். நமது ஆடிட்டர் ஆண்டுக் கணக்கை முடித்து, "போன வருஷத்தை விட லாபம் கூடியிருக்கு" என்று தாளை நீட்டினார். மகிழ்ச்சியோடு வாங்கி வந்தோம். அதே வாரத்தில் பருப்பு அனுப்பிய வெளியூர் வியாபாரி பாக்கியைக் கேட்டார். கல்லாவிலும் பணமில்லை, வங்கியிலும் பணமில்லை. வீட்டு நகையை அடகு வைத்துத்தான் அந்தப் பாக்கியைக் கட்டினோம். தாளில் லாபம் இருக்கிறது, கையில் காசு இல்லை. யாரோ எடுத்து விட்டார்களோ என்று கூட ஒரு கணம் சந்தேகப்பட்டோம். கடைப் பையன்களை அப்படி நினைத்ததற்குப் பின்னால் வெட்கப்பட்டோம்.

பி.காம். படித்த நமது மருமகள் அன்று இரவு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, நமக்கு யார் யார் எவ்வளவு தரணும், அது எத்தனை நாளா நிக்குதுன்னு ஒரே தாள்ல இருக்குதுங்களா?"

"பேரேட்டுல இருக்கும்மா, பக்கம் பக்கமா பார்க்கணும்" என்றோம்.

"அப்போ கடையோட நிலைமை உங்களுக்கும் தெரியாதுங்க, ஆடிட்டருக்கும் தெரியாதுங்க" என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

எங்கே படிப்பது?

அவள்தான் ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையதளத்தைக் காட்டினாள். 2017ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தது அது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் பாடங்களும் அதில் வருகின்றன. நிதிக் கணக்குப்பதிவியல் என்ற அடிப்படைப் பாடமும் உண்டு. சேர்வதற்குக் கட்டணமில்லை. வாரா வாரம் வீடியோ வரும், சில கேள்விகள் வரும். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பணம் கட்டித் தேர்வு மையத்திற்குப் போய் எழுத வேண்டும். என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாரக் கேள்விகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. நமக்குச் சான்றிதழ் தேவையில்லை, எனவே தேர்வு எழுதவில்லை.

வெளிநாட்டுப் பாடங்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் பிரையன் புஷி நடத்தும் அறிமுகப் பாடம் கோர்செரா தளத்தில் புகழ்பெற்றது. அதிலும் சில வீடியோக்களைப் பார்த்தோம். நன்றாகத்தான் சொல்கிறார். ஆனால் இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். நமது பழைய பாடப் புத்தகங்களில் பொறுப்புகள் இடப்பக்கம், சொத்துகள் வலப்பக்கம் இருக்கும். அமெரிக்க முறையில் சொத்துதான் முதலில் வரும். அடுத்து, கடைசியில் வாங்கிய சரக்கு முதலில் விற்றதாகக் கணக்கு வைக்கும் முறை அங்கே உண்டு. நமது நாட்டுக் கணக்குத் தரநிலை அதை ஏற்பதில்லை. முதலில் வந்தது முதலில் போவது அல்லது சராசரி விலை, இந்த இரண்டுதான் நமக்கு.

நாம் பழைய எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலம் பாதிதான் புரியும். அதற்கும் வழி கிடைத்தது. தமிழக அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடநூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீடியோவை ஒரு பக்கம், அந்தப் புத்தகத்தை மறு பக்கம் வைத்துக்கொண்டு படித்தோம். மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை கடையில் கூட்டம் இருக்காது. அதுதான் நமது பள்ளிக்கூட நேரம். ஒரு வீடியோவை மூன்று முறை பார்த்தோம். முதல் வாரக் கேள்விகளில் பாதிக்கு மேல் தவறு. பேரன் சிரித்தான். நாமும் சிரித்தோம்.

நமக்குத் தெரிந்ததுதான்

படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. நாள்வழி, பேரேடு, பற்று, வரவு, ஐந்தொகை என்பவை எல்லாம் நம் வியாபாரிகளின் பழைய சொற்கள். இரட்டைப் பதிவு முறையை இத்தாலியின் லூக்கா பசியோலி 1494இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட தமது புத்தகத்தில் விளக்கினார். அவரும் வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே எழுதி வந்த முறையைத்தான் எடுத்து எழுதினார். ஆக, இது பேராசிரியர்கள் கண்டுபிடித்து வியாபாரிகளுக்குக் கொடுத்த வித்தை அல்ல. வியாபாரிகள் கையிலிருந்து பள்ளிக்கூடத்திற்குப் போன வித்தை. ஆகவே படிக்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

நீண்ட நாள் குழப்பம் ஒன்று முதல் மாதத்திலேயே தீர்ந்தது. வங்கியில் பணம் கட்டினால் பாஸ் புத்தகத்தில் வரவு என்று போடுகிறார்கள். நமது பேரேட்டில் வங்கிக் கணக்கைப் பற்று எழுதச் சொல்கிறார்கள். எது சரி? இரண்டும் சரி. பாஸ் புத்தகம் வங்கியின் பக்கத்திலிருந்து எழுதப்படுவது. நாம் கட்டிய பணம் வங்கி நமக்குத் தர வேண்டிய கடன், எனவே அங்கே வரவு. நமக்கு அது சொத்து, எனவே இங்கே பற்று. கடையில் கடன் வாங்கியவர் பெயரில் நாம் பற்று எழுதுவதும், அவர் வீட்டு நோட்டில் நமது பெயரை வரவு எழுதுவதும் இதே கதைதான்.

பணம் போன வழி

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். லாபம் இருந்தும் பணம் ஏன் இல்லை? புரிவதற்கு ஒரு சிறு கணக்கு. தொகைகள் உதாரணத்துக்காக எழுதியவை.

ஒரு கடையில் ஆண்டுத் தொடக்கத்தில் சரக்கு ரூ.6,00,000. ஆண்டு முழுவதும் கொள்முதல் ரூ.40,00,000. ஆண்டு முடிவில் மீதிச் சரக்கு ரூ.8,00,000. அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் ரூ.38,00,000. விற்பனை ரூ.41,80,000. மொத்த லாபம் ரூ.3,80,000. கூலி, வாடகை, மின்சாரம், வண்டிச் சத்தம் எல்லாம் ரூ.2,20,000. நிகர லாபம் ரூ.1,60,000.

இப்போது பணத்தைப் பாருங்கள். வெளியே நிற்கும் கடன் ரூ.3,00,000 ஆக இருந்தது ரூ.5,50,000 ஆகிவிட்டது. அதாவது விற்றதில் ரூ.2,50,000 கைக்கு வரவில்லை. கைக்கு வந்தது ரூ.39,30,000. கொள்முதலில் நாமும் ரூ.1,00,000 பாக்கி வைத்தோம், எனவே சரக்குக்குக் கொடுத்தது ரூ.39,00,000. செலவு ரூ.2,20,000. கூட்டிக் கழித்தால் கையில் இருந்த பணத்தில் ரூ.1,90,000 குறைந்திருக்கிறது. இதற்கு மேல் வீட்டுச் செலவுக்கு எடுத்தது ரூ.1,80,000. ஆக ரூ.3,70,000 குறைந்தது. தாளில் ரூ.1,60,000 லாபம் என்பதும் உண்மை. கல்லா காலி என்பதும் உண்மை. யாரும் திருடவில்லை. பணம் மூட்டையாகவும், பிறர் கையில் கடனாகவும், நம் வீட்டுச் செலவாகவும் மாறிவிட்டது.

நமது கடையில் நடந்ததும் இதேதான். நகை அடகுக்குப் போனதற்குக் காரணம் வேறு யாருமில்லை, நாமே.

மூன்று பாடங்கள்

முதலாவது, கடை வேறு, கடைக்காரர் வேறு. வீட்டுக்கு அரிசி, எண்ணெய் எடுத்தாலும், கல்யாண மொய்க்குக் கல்லாவில் கை வைத்தாலும் அது எடுப்பு என்று எழுதப்பட வேண்டும். நாம் எழுதவே இல்லை. எழுதிப் பார்த்த முதல் மாதம் நமது சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்ததை விட நாம் எடுத்தது அதிகமாக இருந்தது. இப்போது மாதம் ஒரு தொகை என்று நிர்ணயித்து, அதற்கு மேல் எடுப்பதில்லை.

இரண்டாவது, சரக்கின் விலை. அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். புளி வியாபாரிகளுக்கு இது நன்றாகப் புரியும். சீசனில் கிலோ 120 ரூபாய்க்கு வாங்கி வைத்த 2,000 கிலோ கறுத்துப் போய், சந்தையில் 105 ரூபாய்க்குத்தான் போகும் என்றால், சரக்கிருப்பு ரூ.2,40,000 அல்ல, ரூ.2,10,000. ரூ.30,000 நஷ்டம் இந்த ஆண்டே வந்துவிட்டது. விற்கும் வரை வரவில்லை என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

மூன்றாவது, கடனின் வயது. 30 நாள், 60 நாள், 90 நாள், அதற்கு மேல் என்று நான்கு பத்தியில் கடனாளிகள் பட்டியலைப் போட்டோம். போட்டு முடித்த இரவு தூக்கம் வரவில்லை. 90 நாளுக்கு மேற்பட்ட பத்திதான் நீளமாக இருந்தது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்துச் சிறு கடைகள் பல. நேரில் போய்ப் பார்த்தபோது அவர்களும் நம்மைப் போலவே சிக்கியிருப்பது தெரிந்தது. தக்காளி விலை விழுந்தால் விவசாயி கடைக்காரருக்குத் தர மாட்டார், கடைக்காரர் நமக்குத் தர மாட்டார். சண்டை போடவில்லை. பழைய பாக்கிக்கு வாரத் தவணை, புதுச் சரக்குக்கு 30 நாள் கெடு என்று பேசி எழுதிக்கொண்டோம். சிலர் கோபித்துக்கொண்டு வேறு மண்டிக்குப் போனார்கள். பெரும்பாலோர் இன்றும் நம்மிடமே வாங்குகிறார்கள்.

பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. இருபத்தைந்து ஆண்டு கால வாடிக்கையாளர். காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கடையும் மூடியாகிவிட்டது. அவருடைய பாக்கியை ஆண்டுதோறும் சொத்தாகவே காட்டி வந்திருக்கிறோம். அந்தப் பெயரை வாராக்கடனில் எழுதக் கை தயங்கியது. எழுதினோம். பணம் அன்று போகவில்லை, என்றோ போய்விட்டது. அதை ஒப்புக்கொண்டதுதான் அன்றைக்கு நடந்தது.

எது வராது?

இந்தப் பாடம் எல்லாவற்றையும் தந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஜி.எஸ்.டி., வருமான வரி விவரங்களை அடிப்படைக் கணக்குப் பாடம் சொல்லித் தராது. அதற்கு ஆடிட்டர் வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்பது இப்போது தெரிகிறது. நாம் வாங்கிய பில்கள் ஜி.எஸ்.டி. தளத்தின் 2பி அறிக்கையில் வந்திருக்கின்றனவா என்று மாதாமாதம் சரிபார்க்கிறோம். முன்பு ஆண்டு முடிவில்தான் இந்தப் பேச்சே எழும்.

அதே போல, கம்ப்யூட்டரில் டேலி ஓட்டத் தெரிந்தால் கணக்குத் தெரியும் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. டேலியே 1986இல் பெங்களூருவில் ஒரு வியாபாரியின் தேவைக்காக அவர் மகன் பரத் கோயங்கா உருவாக்கியதுதான். நல்ல கருவி. ஆனால் எடுப்பைச் செலவு என்று எழுதினால் அது செலவு என்றுதான் காட்டும். தவறைக் கூட்டிக் கழித்துத் தரும், தவறு என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் முதலாளிதான்.

அடகு வைத்த நகை பதினான்கு மாதம் கழித்து, 2023 செப்டம்பரில் வீட்டுக்கு வந்தது. விற்பனை பெரிதாகக் கூடிவிடவில்லை. பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

சகோதர வணிகர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். முழுப் பாடமும் படிக்க நேரமில்லாவிட்டால் இந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். கையிருப்புப் பணம், சரக்கு, வர வேண்டிய கடன், தர வேண்டிய கடன், வீட்டுக்கு எடுத்தது ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை அடுத்த மாதத் தாளோடு ஒப்பிடுங்கள். படித்த பிள்ளைகள், மருமகள்கள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்குக் கோபப்படாதீர்கள்.

அனைவரின் வணிகமும் செழிக்க வாழ்த்துகிறோம்.